ஹெரால்டு 948 மலை ஏறும்போது நின்றுபோகிறது, ரீபோர் செய்தே ஆக வேண்டுமா?

கேள்வி, 12 மே 2019

என்னிடம் இருப்பது 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு கார், 948 சிசி எஞ்சின். ஊர் கோத்தகிரி. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும்போது பர்லியார் தாண்டியதும் முக்குகிறது, நாலைந்து முறை குதிக்கிறது, நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. ஊட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று நசுங்கும் அழுத்தம்) பார்த்தார்கள். நாலு சிலிண்டரும் சதுர அங்குலத்துக்கு 105-ல் இருந்து 108 பவுண்டு. 140 இருக்க வேண்டுமாம். போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்துவிட்டது, ரீபோர் அடித்து, அதாவது துளையைக் கடைந்து அகலமாக்கி, பிஸ்டன் மாற்றணும் என்கிறார்கள். இருபது தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு) பெரிய பிஸ்டன் செட் ஒன்றைக் கோவையில் வாங்கியும் வைத்துவிட்டேன். பிரிக்கலாமா?

பதில், 12 மே 2019, இரவு

பிரிக்க வேண்டாம். தேய்ந்த பிஸ்டன் ரிங் அரை மணி நேரத்தில் வளர்ந்துவிடாது. போர் போன வண்டி மேட்டுப்பாளையத்திலேயே முக்கும், பின்னால் நீலப் புகை விடும், ஆயில் குடிக்கும். ஆறினால் ஓடுகிறது என்றால் கோளாறு சூட்டில்தான். நம் மெக்கானிக்குகள் இதை ஏர் லாக் என்பார்கள். அங்கே காற்று எதுவும் புகுவதில்லை, பெட்ரோலே கொதித்து ஆவியாகிப் பம்பை அடைத்துக்கொள்கிறது.

கம்ப்ரஷன் 105 என்பது எனக்கும் உறுத்துகிறது. கேஜ் பழுது என்று நினைக்கிறேன். பிஸ்டன் செட்டை எதற்கு அவசரப்பட்டு வாங்கினீர்கள்?

13 மே 2019

மேலே ஒருவர் ஹெரால்டில் 1147 சிசி எஞ்சின் என்று எழுதியிருக்கிறார். அது இங்கிலாந்து ட்ரயம்ஃப் ஹெரால்டு 1200-ல், 1961-ல் வந்தது. அதே வருஷம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரிக்கத் தொடங்கிய நம்முடையது 948. நாலு கதவு வண்டி 1968-ல் இந்தியாவுக்கென்றே வந்தது. அதற்குள்ளும் 948-தான்.

போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. இந்த எஞ்சினின் மூத்த அண்ணன் 1953 ஸ்டாண்டர்டு எயிட்டில் வந்த 803 சிசி. அதற்குப் போர் 58. அப்புறம் 948, 1147, 1296 என்று வளர்ந்ததெல்லாம் போரை அகலப்படுத்தித்தான், 76 மி.மீ. ஸ்ட்ரோக்கைத் தொடவே இல்லை. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கிராங்குக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மூன்று மெயின் பேரிங். நிமிஷத்துக்கு 4500 சுற்றில் 35 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் குறைவு. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. டேப்பட் இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது எல்லா வால்வுக்கும் 10 தவ். பாயிண்ட் 15, பிளக் 25. (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. பையன்கள் கேட்கிறார்கள்.)

என் வண்டி அப்பா 1978-ல் குன்னூரில் ஓர் எஸ்டேட் டாக்டரிடம் வாங்கியது. நாற்பது வருஷமாக இந்த மலையை விட்டு அதிகம் இறங்கியதில்லை. அதனால் நான் சொல்வதெல்லாம் மலைக்கு. சென்னைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

14 மே 2019

நின்றுவிட்டது, ஓரம் கட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். பானெட்டைத் தூக்குங்கள். ஹெரால்டில் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். இந்த வசதி வேறு எந்தக் காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பத்மினி காரில் தலைகீழாகத் தொங்க வேண்டும்.

பிளாக்கின் பக்கவாட்டில் பெட்ரோல் பம்ப் இருக்கும், தலையில் கண்ணாடிக் கிண்ணம். டார்ச் அடித்துக் கிண்ணத்தைப் பாருங்கள். பெட்ரோல் தெளிவாக நிரம்பி நின்றால் நான் சொன்னது தப்பு, காயிலையும் கண்டன்சரையும் சந்தேகப்படுங்கள். அடியில் இருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பி, ரசம் நுரை கட்டும் நேரத்தில் விளிம்பில் துடிக்குமே, அப்படித் துடித்தால் நான் சொன்னதுதான். பம்புக்குக் கீழே கையால் அடிக்கும் சின்ன லீவர் உண்டு. அதை அடித்தால் கனமே இல்லாமல் லொடலொடவென்று போகும். உள்ளே இருப்பது ஆவி, அதைப் பம்பின் சவ்வான டயாஃபிரத்தால் தள்ள முடியாது.

இது ஏன் ஏற்றத்தில் வருகிறது? டேங்க் பின்னால் டிக்கியில், பம்ப் முன்னால் எஞ்சினில். பம்ப் அத்தனை தூரத்துக்கு உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தமும் குறைகிறது. வண்டியோ இரண்டாவது கியரில் நடைவேகத்தில், காற்றோட்டமே இல்லாமல், முழுச் சூட்டில். மூன்றும் பர்லியாருக்கு மேலே ஒன்றுசேர்கின்றன.

வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பருத்தித் துணியை நனைத்துப் பம்பைச் சுற்றிக் கட்டுங்கள். சூடான மேனிஃபோல்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள், வெடிக்கும்.

17 மே 2019

ஈரத்துணியைக் குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் வேறென்ன நடக்கும்? கம்பி போட்டுக் கட்டுங்கள். குரங்குக்குப் பலாச்சுளையைப் பையோடு கொடுத்துவிட்டுத் துணியை மீட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்ன நண்பருக்கு என் கண்டனம்.

2 ஜூன் 2019

துணி முதலுதவிதான். நிரந்தரமாகச் செய்ய வேண்டியது கார்புரேட்டருக்குச் சூடு ஏறாமல் தடுப்பது. இந்த எஞ்சினில் இன்லெட்டும் (கலவை உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்டும் (புகை வெளியேறும் வழி) ஒரே பக்கம். எக்ஸாஸ்டின் சூடு நேராக சோலெக்ஸ் கார்புரேட்டரின் கிண்ணத்தைத் தாக்கும். குன்னூரில் ஒரு லேத்தில் பத்து மி.மீ. கனத்துக்கு பேக்கலைட் தகடு அறுத்து, கார்புரேட்டருக்கும் இன்லெட் மேனிஃபோல்டுக்கும் நடுவில் போட்டேன். ஸ்டட்டுகளை நீளமாக மாற்ற வேண்டியிருந்தது. எக்ஸாஸ்டில் இருந்து இன்லெட்டுக்குச் சூடு தாவும் இடத்திலும் ஒரு தகட்டைக் கொடுத்து மறைத்துவிட்டேன்.

மூன்று முறை மேட்டுப்பாளையம் போய் ஏறிவிட்டேன். ஒரு முறைகூட நிற்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது. இந்த இழையை மூடிவிடலாம்.

21 ஜூலை 2019

மூடச் சொன்னது நான்தான். நானே திறக்கிறேன்.

நேற்றுக் காலை எமரால்டு பக்கம் போனேன். மூடுபனி. பத்தடிக்கு முன்னால் மாடு நின்றால் தெரியாது. கிளம்பி இருபது நிமிஷம் இருக்கும். பிக்கப் மெல்ல மெல்லச் செத்தது, அப்புறம் ஐடிலிங் நிற்கவில்லை, ஆஃப் ஆகிவிட்டது. அதே அறிகுறி! நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம், பத்து டிகிரிக் குளிரில் பம்புக்கு ஈரத்துணி கட்டினேன்.

ஐந்து நிமிஷத்தில் வண்டி கிளம்பியது. துணியின் மகிமை என்று நினைத்து ஓட்டினேன். மூன்று கிலோமீட்டரில் மறுபடியும் செத்தது. இந்த முறை பம்பின் கிண்ணத்தைப் பார்த்தேன். பெட்ரோல் சுத்தமாக நிற்கிறது, ஒரு குமிழி இல்லை. கார்புரேட்டரைத் தொட்டேன். பாலேடு படிந்த மாதிரி வெள்ளையாக, கை ஒட்டிக்கொள்கிற அளவுக்கு ஜில்லென்று. ஐஸ்.

நின்று யோசித்தபோதுதான் புரிந்தது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஈரக் காற்று, ஐந்தில் இருந்து பதினைந்து டிகிரி, இது போதும். கார்புரேட்டரின் தொண்டையில் காற்றின் ஈரம் உறைந்து த்ராட்டிலை அடைத்துவிடும். எஞ்சின் நின்றால் கீழிருந்து வரும் சூட்டில் ஐஸ் உருகும், வண்டி கிளம்பும், சாட்சியே மிஞ்சாது. எக்ஸாஸ்டின் சூட்டை இன்லெட்டுக்குக் கொஞ்சம் கொடுத்து வடிவமைத்தவன் முட்டாள் அல்ல. அதை மறைத்துத் தகடு போட்டவன்தான்.

ஆக, மே மாதத்து நோய்க்கு நான் கொடுத்த மருந்து ஜூலை மாதத்து நோயை உண்டாக்கியது. கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் பேக்கலைட் இருக்கட்டும். மேனிஃபோல்டுகளுக்கு நடுவில் கொடுத்த தகட்டை இன்று காலை கழற்றிவிட்டேன். ஜூன் 2 குறிப்பைப் படித்துவிட்டு யாராவது தகடு அறுத்திருந்தால் மன்னிக்கவும், கதவுக்கு முட்டுக் கொடுக்க உதவும்.

19 ஆகஸ்ட் 2019

பதில் தாமதம். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரோடும் கரண்ட்டும் இல்லாமல் கிடந்தோம். ஹெரால்டு ஷெட்டில் பத்திரமாக இருந்தது, ஷெட்டின் கூரைதான் இல்லை.

பனியில் நின்றதா சூட்டில் நின்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடிக் கிண்ணம் ஒன்றே போதும்.

6 அக்டோபர் 2019

ரேடியேட்டர் பற்றி. ஊட்டி 2240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்று முன்னாலேயே கொதித்துவிடும், குன்னூரில் 94-ஐ ஒட்டி. பருப்பு வேகாத அதே காரணம். அதனால்தான் அழுத்த மூடி. என் வண்டியில் இருப்பது 7 பவுண்டு மூடி. அது சரியாகப் பிடித்தால் ஊட்டியிலும் 105 டிகிரி வரை தாங்கும். ரப்பர் வளையம் காய்ந்த மூடி என்றால் உங்களிடம் இருப்பது சட்டிதான். எஞ்சினைத் திட்டுவதற்கு முன் மூடியை மாற்றுங்கள், ஹெட் பேக்கிங்கை விட மலிவு.

ஏறுகிற வண்டி நின்று தண்ணீர் குடிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நம் மலை ரயிலே ஹில்குரோவில் நின்று குடித்துவிட்டுத்தானே ஏறுகிறது.

தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறிவது நம் ஊர் வழக்கம். செய்யாதீர்கள். டிசம்பரில் எஞ்சின் சூடேறவே ஏறாது, சோக்கை இழுத்துக்கொண்டே ஓட்டுவீர்கள், அதிகப்படி பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். அப்படித் தேயும் போர் உண்மையாகவே தேய்ந்த போர்.

11 ஜனவரி 2020

தம்பி, உங்கள் 105 பவுண்டு விஷயம். எட்டு மாதம் கழித்து இப்போதுதான் விடை தெரிகிறது, அதுவும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டால்.

மேட்டுப்பாளையத்தில் பேத்திக்கு வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ். குன்னூர் வந்ததும் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிவிட்டது. இங்கே எல்லோரும் தினம் பார்ப்பதுதான், நானும் அறுபது வருஷமாகப் பார்க்கிறேன். நேற்றுதான் உறைத்தது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 76 சதம்தான். எஞ்சின் உறிஞ்சும்போதே முக்கால் பங்கு காற்றைத்தான் உறிஞ்சுகிறது. அதை அதே அளவுக்கு நசுக்கினால் கேஜில் எப்படி 140 வரும்?

கணக்கு: கேஜ் காட்டுவது வெளி அழுத்தத்துக்கு மேலே உள்ளது. 140-உடன் வெளிக்காற்றின் 14.7-ஐக் கூட்டினால் 154.7. அதில் 76 சதம் 118. ஊட்டியின் வெளி அழுத்தம் 11.2, அதைக் கழித்தால் 107-க்குச் சற்றுக் குறைவு.

107! உங்களுக்கு 105-ல் இருந்து 108. உங்கள் எஞ்சின் கல் மாதிரி இருக்கிறது. கேஜும் உண்மைதான் சொல்லியது. புத்தகத்தில் இருந்த எண் சமவெளி எண், அதை மலை உச்சியில் வைத்துப் படித்ததுதான் பிழை. கேஜ் பழுது என்று மே மாதம் நான் எழுதியதும் தப்பு.

12 ஜனவரி 2020

நம்பாதவர்களுக்காக இன்று ஒரு காரியம் செய்தேன். என் வண்டி, அதே கேஜ், அதே பேட்டரி, எஞ்சின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து. (மிதிக்காமல் பார்த்தால் காற்று உள்ளே போகாது, எண் குறையும். பாதிப் பேர் செய்யும் தப்பு இது.) மேட்டுப்பாளையத்தில் முதல் சிலிண்டர் 138. மதியம் ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 105. நடுவில் யாரும் என் போரைத் தேய்க்கவில்லை.

ஆகவே மலையில் மொத்த எண்ணைப் பார்க்காதீர்கள். நாலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது பேக்கிங்.

இதே கணக்கில் 35 குதிரை ஊட்டியில் 27-ஆகிவிடுகிறது. பிக்கப் இல்லை என்று புலம்புகிறவர்கள் எட்டுக் குதிரை மேட்டுப்பாளையத்திலேயே இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

26 ஜனவரி 2020

ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளை உள்ள திருகு) பற்றிக் கேட்டவருக்கு. காற்று மெலிந்தாலும் கார்புரேட்டர் அதே கணக்கில் பெட்ரோலைக் குறைப்பதில்லை. ஊட்டியில் கலவை பத்துப் பன்னிரண்டு சதம் கெட்டியாகிவிடும். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. சோலெக்ஸ் ஜெட்டின் எண் துளையின் அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. 105-க்கு பதில் 100 போட்டால் துளையின் பரப்பு ஒன்பது சதம் குறையும். மேலேயே ஓட்டுபவருக்கு அது சரியாக இருக்கும்.

ஆனால் சின்ன ஜெட்டோடு கோவைக்கு இறங்காதீர்கள். ஒரு தடவை நான் இறங்கினேன். காரமடை தாண்டியதும் எஞ்சினில் கிளிக்கிளிக் என்று சத்தம், சூடு சிவப்பைத் தொட்டது. மெலிந்த கலவை வால்வைச் சுட்டுவிடும். இரண்டு ஜெட்டும் தீப்பெட்டியில் போட்டு டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன், கல்லாறில் மாற்றிக்கொள்வேன். மனைவி இதைப் பற்றிச் சொல்வதை இங்கே எழுத முடியாது.

3 ஜூன் 2020

ஊரடங்கில் எழுபது நாள் நின்றது. பேட்டரி காலி. பம்பின் டயாஃபிரம் விறைத்துவிட்டது. டயாஃபிரம் கிழிந்தால் பெட்ரோல் சம்புக்குள் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்கும், அதனால் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

14 மார்ச் 2021

இந்த எஞ்சினின் நிஜமான பலவீனத்தை இத்தனை நாள் எழுதாமல் ஏர் லாக்கிலேயே காலம் போய்விட்டது. த்ரஸ்ட் வாஷர்.

கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பது பின் மெயின் பேரிங்கின் இரண்டு பக்கமும் சொருகியிருக்கும் இரண்டு பிறை வடிவ வாஷர்கள். பாதி வட்டம்தான், மேல் பாதி மட்டும். கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்கை முன்னால் தள்ளுகிறீர்கள், பின்பக்க வாஷர் அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் நழுவிச் சம்பில் விழும். அப்புறம் கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். பிளாக் போனால் பழைய இரும்புக்கடைதான்.

நமக்கு ஏன் இது முக்கியம்? சீசனில் கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கணக்காக வரிசை. முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்தபடியே காத்திருக்கிறோம். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் சுலபமாக விழச் செய்யும் அமைப்பு) இல்லாததால் நியூட்ரலுக்குப் போகவும் சோம்பல். சமவெளியில் பத்து வருஷத்தில் தேய்வது இங்கே மூன்று மே மாதத்தில் தேயும். நின்றால் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், கால் எடுங்கள்.

சோதனை சுலபம். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் கிளட்ச்சை மிதித்து மிதித்து விடட்டும். நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி புல்லி முன்னால் வந்து போனால் அடுத்த ஊருக்குக்கூட ஓட்டாதீர்கள். இருக்க வேண்டியது 4-ல் இருந்து 8 தவ், அதாவது 0.1-ல் இருந்து 0.2 மி.மீ.

எனக்குப் புல்லி நகர்ந்தது. சம்பைக் கழற்றினோம். பழைய ஆயிலுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். நகம் வெட்டிப் போட்ட மாதிரி வளைவாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துத் துடைத்தால் பிறை. ஒரு முகத்தில் இருந்த வெள்ளை உலோகம் முழுசாகப் போய் இரும்பு பளபளத்தது. எப்போது விழுந்ததோ. பிளாக்கில் லேசான கீறலோடு தப்பித்தேன். எஞ்சினை இறக்காமலே, பின் மெயின் கேப்பைக் கழற்றி, ஐந்து தவ் தடித்த வாஷரைச் சொருகினோம்.

சொருகும்போது எண்ணெய்க் கோடு உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்காது.

16 மார்ச் 2021

சம்பைத் திருப்பி மாட்டும்போது முன்னால் இருக்கும் அலுமினியக் கட்டையை ஜாக்கிரதை. அதன் மரை மெது, கொஞ்சம் பலம் போட்டால் வழித்துக்கொண்டு வரும். அந்தக் கட்டையின் இரண்டு ஓரத்திலும் ஆயில் கசியாமல் அடைப்பது என்ன தெரியுமா? மர ஆப்பு. நிஜமாகவே மரம். என் மெக்கானிக் தேக்குச் சிம்பை வெட்டிச் செதுக்கினார். கசியவில்லை.

17 மார்ச் 2021

எஞ்சினுக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. முன் சக்கரத்தின் கீழ் ட்ரனியனுக்கு (சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு) கிரீஸ் அடிக்காதீர்கள். அதற்குக் கேட்பது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் உள்ளே போய்க் கட்டிக்கொள்ளும், மரை துருப்பிடிக்கும், ஒருநாள் வளைவில் சக்கரம் மடங்கும். கல்லட்டி மலைச்சாலையில் முப்பத்தாறு வளைவு.

20 மே 2024

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன், ஊரில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தால் இந்த மாதம் 7-ஆம் தேதியில் இருந்து மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ். நம் மாவட்டத்துப் பதிவு வண்டிக்கு வேண்டாம், ஆனால் அதே வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் வெயிலில் இருபது நிமிஷம் ஐடிலிங். கிண்ணம் ரசம் வைக்க ஆரம்பித்துவிட்டது. ஆஃப் செய்து பானெட்டைத் திறந்து வைத்தேன். கார்க்காரர்கள் எல்லாம் இறங்கி வந்து செல்ஃபி. ஒரு பையன் "இது மாருதியா அங்கிள்" என்றான்.

பிளாஸ்டிக் பாட்டில் தடை என்பதால் தண்ணீரைச் செம்பில் கொண்டுபோகிறேன். ஈரத்துணிக்கு அது வசதிதான், மொண்டு ஊற்றலாம்.

8 செப்டம்பர் 2025

2020 ஜனவரி 26 குறிப்பை அடித்துவிட்டுப் படியுங்கள்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை தானாக எட்டு சதம் மெலிந்துவிடுகிறது. ஊட்டி உயரமோ பத்துப் பன்னிரண்டு சதம் கெட்டியாக்குகிறது. ஒன்றை ஒன்று ஏறக்குறைய அடித்துவிட்டது! சின்ன ஜெட்டைக் கழற்றிப் பழைய 105-ஐப் போட்டேன். பிளக் பிஸ்கட் நிறத்தில் வருகிறது, நாற்பது வருஷத்தில் இத்தனை அழகான பிளக்கை நான் பார்த்ததில்லை. தீப்பெட்டியை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன். கீழே இறங்குபவர்களுக்குத்தான் திண்டாட்டம், அங்கே இனி பெரிய ஜெட் வேண்டும்.

மற்றதெல்லாம் கெட்ட செய்தி. பழைய ரப்பர் டயாஃபிரம், பழைய ஹோஸ் இரண்டும் எத்தனாலில் ஊறிக் கொழகொழத்துப்போகும், புது ரகம் வாங்கிப் போடுங்கள். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், நிறுத்தி வைக்கிற வண்டிக்கு டேங்கில் துரு. ஆவியாகும்போது பெட்ரோலை விட அதிகச் சூட்டை உறிஞ்சும், அதனால் ஜூலைப் பனியில் ஐஸ் இன்னும் சீக்கிரம். வார்ப்பிரும்பு வால்வு சீட்டுக்கோ 2000-ல் பெட்ரோலில் இருந்து ஈயம் போனதில் இருந்தே பாதுகாப்பு இல்லை. என்னுடையதில் டேப்பட் இடைவெளி தானாகக் குறுகிக்கொண்டே வந்தது. சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறுகிறது என்று அர்த்தம். ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் வளையம் போட்டாயிற்று.

2 நவம்பர் 2025

தம்பி, அந்த இருபது தவ் பிஸ்டன் செட் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது, விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விற்க வேண்டாம்.

போன வாரம் பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். ஓவர்டேக் பண்ணும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பெரியவரே, கொசு மருந்து அடிக்கிறீங்களா" என்றார். திரும்பிப் பார்த்தேன். நீலம்.

மேட்டுப்பாளையத்தில் வைத்தே பார்த்தேன், மலைக் கணக்கு எதுவும் சொல்ல வழியில்லாமல். 134, 131, 96, 133. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டேன். 126-க்கு ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி வருகிறேன். பெட்டியைத் திறக்காமல் வையுங்கள், விலையை நேரில் பேசிக்கொள்ளலாம்.